ஹெவி டியூட்டி பிக்கப் வாங்கும்முன்: எடை, இழுவை, எரிபொருள் கணக்கு

அமெரிக்காவில் பெரிய பிக்கப் டிரக் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். முதலில் எந்தக் கம்பெனி, அப்புறம் எந்த நிறம், அதற்கப்புறம் டீசலா கேஸா (இங்கே கேஸ் என்றால் பெட்ரோல்) என்று ஒரு வாக்குவாதம். எதை இழுக்கப் போகிறோம் என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. விளம்பரத்தில் ‘இழுவைத் திறன் 40,000 பவுண்டு’ என்று பார்த்திருப்பீர்கள். அது ஃபோர்டு எஃப்-450 வண்டியின் ஒரு குறிப்பிட்ட வடிவத்தில், கூஸ்நெக் டிரெய்லர் (டிரக்கின் பின்னால் சாமான் ஏற்றும் இடத்தின் தரையில் மாட்டும் வகை) மாட்டினால் மட்டும் கிடைக்கும் எண். டீலர் லாட்டில் உங்கள் முன்னால் நிற்கும் எஃப்-250 அந்த வண்டி இல்லை.

டிராவல் டிரெய்லரோ (இழுத்துப்போகும் சக்கர வீடு) படகோ வாங்கியவர்கள், சாப்பாட்டு டிரெய்லர் வைத்து வியாபாரம் தொடங்குகிறவர்கள், ஊருக்கு வெளியே நிலம் வாங்கி டிராக்டரை ஏற்றிப் போக நினைக்கிறவர்கள், இவர்களில் டிரக் பற்றி ஒன்றுமே தெரியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். எரிபொருள் மிச்சமாகும் என்று நம்பி டீசல் ஹெவி டியூட்டி (250, 2500, 350, 3500 என்ற எண்ணுள்ள கனரக பிக்கப்) வாங்காதீர்கள் என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கணக்கு பின்னால் வருகிறது.

1. டிரெய்லரிலிருந்து தொடங்குங்கள்

டிரெய்லரின் இடது பக்கம், முன் மூலைக்கு அருகில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் ஜிவிடபிள்யூஆர் என்ற எண்ணைப் பாருங்கள். சாமான், தண்ணீர் எல்லாம் சேர்த்து அந்த டிரெய்லர் அதிகபட்சம் எவ்வளவு எடை இருக்கலாம் என்பதுதான் அது. விற்பவர் சொல்வது ‘டிரை வெயிட்’, அதாவது காலி டிரெய்லரின் எடை. அதை மறந்துவிடுங்கள். யாரும் காலி டிரெய்லரோடு விடுமுறைக்குப் போவதில்லை. ஒரு காலன் தண்ணீர் 8.3 பவுண்டு. 50 காலன் தொட்டியை நிரப்பினாலே 400 பவுண்டுக்கு மேல் ஏறிவிடும். அதோடு கேஸ் சிலிண்டர், பாட்டரி, பாத்திரம், அரிசி மூட்டை, பிள்ளைகளின் சைக்கிள். காலியில் 7,600 பவுண்டு என்று விற்ற டிரெய்லர் 9,500 பவுண்டு ஜிவிடபிள்யூஆரைத் தொட ரொம்ப நேரமாகாது. எல்லாக் கணக்கையும் 9,500-ல் இருந்தே போடுங்கள்.

டிரெய்லர் இன்னும் வாங்கவில்லை என்றால் ரொம்ப நல்லது. எதை வாங்குவீர்கள் என்று ஓரளவு முடிவு செய்துவிட்டு டிரக் பக்கம் வாருங்கள். டிரக்கை முதலில் வாங்கிவிட்டு அதற்கேற்ற டிரெய்லரைத் தேடுகிறவர்கள் இரண்டு வருடத்தில் இன்னொரு டிரக் வாங்குவது இங்கே சகஜம்.

2. டிரக்கின் கதவைத் திறந்து பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்த்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று எழுதியிருக்கும். அதுதான் பேலோட். ஓட்டுகிற உங்கள் எடையும் அதில் அடங்கும். இது அந்த ஒரு வண்டிக்கான எண். அதே மாடலில் பக்கத்தில் நிற்கும் வண்டிக்கு வேறு எண் இருக்கும். சன்ரூஃப், தோல் இருக்கை, எலக்ட்ரிக் படி என்று ஒவ்வொன்றும் பேலோடைத் தின்னும். டிரக்கின் ஜிவிடபிள்யூஆர் 10,000 பவுண்டுக்கு மேல் என்றால் இந்த ஸ்டிக்கர் கட்டாயமில்லை. அப்படிப்பட்ட வண்டியை டாங்க் நிரப்பி எடை மேடையில் ஏற்றி, வந்த எடையை ஜிவிடபிள்யூஆரிலிருந்து கழித்தால் பேலோட் கிடைக்கும்.

டிரெய்லரை இழுப்பதற்கும் பேலோடுக்கும் என்ன சம்பந்தம்? டிரெய்லரின் எடையில் ஒரு பங்கு ஹிட்ச் (டிரக்கையும் டிரெய்லரையும் இணைக்கும் பாகம்) வழியாக டிரக்கின் முதுகில் உட்காருகிறது. பின்னால் சாதாரணமாக மாட்டும் டிரெய்லரில் அது 10 முதல் 15 சதவீதம். இதற்கு டங் வெயிட் என்று பெயர். டிரக்கின் தொட்டிக்குள் (பின்னால் சாமான் ஏற்றும் இடம்) மாட்டும் ஃபிஃப்த் வீல் டிரெய்லரில் 20 முதல் 25 சதவீதம். அதைப் ‘பின் வெயிட்’ (pin, அதாவது இணைக்கும் ஆணி) என்பார்கள். பாரத்தைக் குறைக்கிறேன் என்று சாமானையெல்லாம் டிரெய்லரின் பின்புறம் தள்ளினால் ஆபத்து. மாட்டு வண்டியில் பின்பாரம் ஏறினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டுத் தூக்குமே, அதே கதைதான். டிரெய்லர் டிரக்கின் பின்பக்கத்தைத் தூக்கும். 65 மைல் வேகத்தில் வால் ஆடத் தொடங்கினால் அடக்குவது கடினம்.

9,500 பவுண்டு டிரெய்லரையே எடுத்துக்கொள்வோம். 13 சதவீதம் என்றால் டங் வெயிட் 1,235. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் 550. ஹிட்ச் 100. டிரக் தொட்டியில் ஜெனரேட்டர், அடுப்பு, நாற்காலி 250. மொத்தம் 2,135 பவுண்டு. எஃப்-150, சில்வராடோ 1500, ராம் 1500 போன்ற ஹாஃப் டன் (சிறிய வகைக்கான பெயர்) வண்டிகளில் குடும்பத்துக்கு ஏற்ற வடிவம் பலவற்றில் பேலோட் 1,500, 1,800 என்றுதான் இருக்கும். ‘11,000 பவுண்டு இழுக்கும்’ என்று விற்றவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் இழுவை எண்ணை எட்டும் முன்பே பேலோட் தீர்ந்துவிடுகிறது. ஹெவி டியூட்டிக்கு வருவதற்கான உண்மையான காரணம் இதுதான்.

ஹெவி டியூட்டிக்கு வந்த பிறகும் ஒரு கண்ணி இருக்கிறது. 250, 2500 என்ற எண் உள்ள முக்கால் டன் வண்டிகள் பலவற்றின் ஜிவிடபிள்யூஆர் 10,000 பவுண்டு, அல்லது அதற்குச் சற்றுக் கீழே. டீசல் எஞ்சின் கேஸ் எஞ்சினைவிடப் பல நூறு பவுண்டு கனம். உச்சவரம்பு மாறாமல் எஞ்சின் மட்டும் கனத்தால் குறைவது பேலோடுதான். எல்லா வசதியும் வைத்த டீசல் 2500 சிலவற்றில் பேலோட் 2,000 பவுண்டு அளவுக்கு இறங்கிவிடும். அதே வண்டி கேஸ் எஞ்சினோடு 3,000 தாண்டும். அதிக விலை கொடுத்துக் குறைந்த பாரம் சுமக்கும் வண்டியை வாங்கினோம் என்று பலருக்குத் தெரியவே தெரியாது.

ஆகவே டீசல்தான் வேண்டும், டிரெய்லரும் பெரியது என்றால் நேராக 350 அல்லது 3500-க்குப் போங்கள். வெளித்தோற்றம் கிட்டத்தட்ட ஒன்றுதான். மொத்த விலையோடு பார்த்தால் வித்தியாசமும் பெரிதில்லை. 14,000 பவுண்டு ஃபிஃப்த் வீலின் பின் வெயிட் 22 சதவீதம் என்றாலே 3,080 பவுண்டு. அதை முக்கால் டன் டீசலில் மாட்ட வேண்டும் என்று யார் சொன்னாலும் கதவு ஸ்டிக்கரைக் காட்டச் சொல்லுங்கள்.

இழுவை எண்ணையும் முற்றிலும் ஒதுக்க வேண்டியதில்லை. ஜே2807 என்ற பொதுத் தரத்தின்படி சோதித்துத்தான் கம்பெனிகள் இன்று அந்த எண்ணைச் சொல்கின்றன. அரிசோனாவில் டேவிஸ் அணைக்கு அருகே உள்ள 11.4 மைல் ஏற்றத்தை, கடும் வெயிலில் ஏசியை முழுதாக வைத்து, குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே இறங்காமல் ஏற வேண்டும். எண் நேர்மையானதுதான். ஆனால் டிரக்கில் நான்கு பேரும் சாமானும் இருக்கும்போது அது உங்களுக்குப் பொருந்துகிறதா என்று பேலோட்தான் சொல்லும்.

3. டீசலா, கேஸா

முறுக்கு விசையில் ஒப்பீடே கிடையாது. ஃபோர்டின் 6.7 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் 1,050 பவுண்டு-அடி, அதன் உயர்திறன் வடிவம் 1,200. ராமின் 6.7 கம்மின்ஸ் 2025 மாடலில் 1,075. செவ்ரோலே, ஜிஎம்சி வண்டிகளின் 6.6 டுராமாக்ஸ் 975. கேஸ் பக்கம் ஃபோர்டு 7.3 லிட்டர் 485, செவ்ரோலே 6.6 லிட்டர் 464, ராம் 6.4 ஹெமி 429. டீசல் இந்த விசையை 1,600 முதல் 1,800 ஆர்பிஎம்மிலேயே கொடுத்துவிடும். கேஸ் எஞ்சின் 4,000 வரை அலற வேண்டும். அலறினால் கெட்டுப்போகாது, அதற்காகத்தான் செய்திருக்கிறார்கள். பழக்கமில்லாதவர்களுக்குத்தான் பயமாக இருக்கும்.

டீசல் உண்மையில் ஜெயிப்பது மலையில். டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத கேஸ் எஞ்சின் ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் ஏறக்குறைய 3 சதவீத சக்தியை இழக்கும். டென்வரிலிருந்து மேற்கே ஐ-70 சாலையில் ஐசன்ஹோவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேலே இருக்கிறது. அங்கே போய்ச் சேரும்போது எஞ்சினில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். டர்போ உள்ள டீசலுக்கு அந்தக் கவலை குறைவு. சுரங்கம் தாண்டி 7 சதவீதச் சரிவில் இறங்கும்போது எக்ஸாஸ்ட் பிரேக் (புகை வழியை அடக்கி எஞ்சினாலேயே வேகத்தைக் குறைப்பது) பாரத்தைப் பிடித்துக்கொள்ளும், காலால் பிரேக்கைத் தொடும் வேலையே குறைந்துவிடும். என்னைக் கேட்டால் டீசலுக்குக் கொடுக்கும் பணத்தில் பாதி இந்த எக்ஸாஸ்ட் பிரேக்குக்குத்தான். ஹூஸ்டன், டாலஸ், ஃபுளோரிடா என்று சமதளத்திலேயே ஓட்டுகிறவர்களுக்கு அது பெரிதாகப் பயன்படாது.

இனி எரிபொருள். ஜிவிடபிள்யூஆர் 8,500 பவுண்டைத் தாண்டிய பிக்கப்புகளுக்கு அரசின் மைலேஜ் லேபிள் கட்டாயமில்லை. அதனால் ஷோரூமில் ஜன்னலில் தேடாதீர்கள், இருக்காது. புழக்கத்தில் கிடைப்பது தோராயமாக இப்படி: காலியாக ஓடினால் கேஸுக்கு காலனுக்கு 13 மைல், டீசலுக்கு 17. பெரிய டிரெய்லரோடு கேஸுக்கு 8, டீசலுக்கு 11. நம்மூர்க் கணக்கில் 11 மைல் என்றால் லிட்டருக்கு 4.7 கிலோமீட்டர்.

வருடம் 12,000 மைல் ஓட்டுகிறீர்கள், அதில் 5,000 டிரெய்லரோடு என்று வையுங்கள். கேஸ் வண்டிக்கு 1,163 காலன், டீசலுக்கு 866 காலன். கேஸ் 3.10 டாலர், டீசல் 3.70 டாலர் என்று வைத்தால் வருடச் செலவு சுமார் 3,607 டாலருக்கு எதிராக 3,205 டாலர். மிச்சம் 400 டாலர். டீசல் எஞ்சினுக்குக் கூடுதல் விலை பத்தாயிரம் டாலர் அளவில் இருக்கும். எரிபொருளில் மட்டும் அதை மீட்க 25 வருடம் ஆகும். டீசல் வண்டிக்கு மறுவிற்பனை விலை அதிகம் என்பதால் ஒரு பகுதி திரும்பி வரும், உண்மைதான். ஆனால் எதிர்ப்பக்கமும் இருக்கிறது. ஃபோர்டு டீசலுக்கு ஒரு ஆயில் சேஞ்சில் 13 குவார்ட் ஊற்ற வேண்டும், 7.3 கேஸுக்கு 8 போதும். ஃப்யூயல் ஃபில்டரைத் தவணை தவறாமல் மாற்ற வேண்டும். புகையைச் சுத்தம் செய்ய டெஃப் என்ற யூரியாக் கரைசலைத் தனித் தொட்டியில் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வருடத்துக்கு 30,000 மைல் டிரெய்லரோடு ஓடுகிறவருக்குக் கணக்கு தலைகீழாக மாறும். உங்கள் ஊர் விலையையும் உங்கள் மைலையும் போட்டு நீங்களே ஒருமுறை பெருக்கிப் பாருங்கள்.

பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு மூன்று மைலில் வீடு திரும்பும் வண்டியாக டீசல் வேண்டாம். அதன் புகைக்குழாயில் இருக்கும் வடிகட்டி, சேர்ந்த கரியை எரித்துத் தள்ள நல்ல சூடு வேண்டும். குறுகிய ஓட்டத்தில் அந்தச் சூடு வராது, அடைத்துக்கொள்ளும்.

டீசல் புதிதாக வாங்கியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பம்ப் கைப்பிடியின் நிறத்தை நம்பாதீர்கள். பல இடங்களில் பச்சை என்றால் டீசல். பிபி நிலையங்களில் பச்சை என்றால் கேஸ். எழுத்தைப் படித்துவிட்டு ஊற்றுங்கள். டெஃப் கரைசலை டீசல் தொட்டியில் ஊற்றிவிட்டால் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் டோ டிரக்கைக் கூப்பிடுங்கள்.

டிரெய்லர் 7,000 பவுண்டுக்குள், பேலோடும் இடிக்கவில்லை என்றால் ஹெவி டியூட்டியே வேண்டாம் என்பேன். சில்வராடோ 1500 வண்டியில் 3.0 லிட்டர் டுராமாக்ஸ் டீசல் போட்டால், டூ வீல் டிரைவில் நெடுஞ்சாலையில் காலனுக்கு 29 மைல் என்று அரசு லேபிளிலேயே வந்திருக்கிறது. மைலேஜ்தான் முக்கியம் என்கிறவர்கள் போக வேண்டிய இடம் அது.

4. மற்ற தெரிவுகள்

ஆக்சில் ரேஷியோவை (சக்கரம் ஒரு சுற்று சுற்ற டிரைவ் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற எண்) யாரும் கேட்பதில்லை, கேளுங்கள். 3.31, 3.55, 3.73, 4.10, 4.30 என்று வரும். எண் கூடினால் இழுவை கூடும், காலி ஓட்டத்தில் மைலேஜ் சற்றுக் குறையும். ஒரே மாடலில் இந்த ஒன்று மாறினாலே இழுவைத் திறன் பல ஆயிரம் பவுண்டு மாறும். கேஸ் எஞ்சினுக்கு 4.10 அல்லது அதற்கு மேல் எடுங்கள். டீசலுக்கு 3.55 அல்லது 3.73 பெரும்பாலானோருக்குப் போதும்.

பின்னால் நான்கு சக்கரம் உள்ள டூவலி, 15,000 பவுண்டுக்கு மேற்பட்ட ஃபிஃப்த் வீலுக்கு அருமையான வண்டி. இட்லி மாவு வாங்க பட்டேல் பிரதர்ஸ் பார்க்கிங்கில் அதை நுழைப்பது தனிக்கலை. கார் வாஷ் பலவற்றில் அனுமதியே கிடையாது.

தொட்டியின் நீளமும் வீட்டு கராஜும் ஒன்றோடொன்று மோதும். நான்கு கதவும் குட்டைத் தொட்டியும் உள்ள எஃப்-250 ஏறக்குறைய 21 அடி நீளம், எட்டடித் தொட்டி என்றால் 22 அடி தாண்டும். 20 அடி கராஜ்தான் இங்கே வழக்கம். ஃபிஃப்த் வீல் இழுப்பவர்களுக்கு எட்டடித் தொட்டி நல்லது. குட்டைத் தொட்டியில் கூர்மையாகத் திரும்பினால் டிரெய்லரின் மூலை டிரக்கின் பின்கண்ணாடியைத் தொடலாம், ஸ்லைடிங் ஹிட்ச் (பின்னுக்கு நகரும் ஹிட்ச்) வாங்க வேண்டி வரும்.

கம்பெனியிலேயே பொருத்திய டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலர் (டிரெய்லரின் பிரேக்கை டிரக்கிலிருந்து இயக்கும் கருவி), பெரிய டோ மிரர் (அகலமாக நீளும் பக்கக் கண்ணாடி) இரண்டும் இல்லாத வண்டியை எடுக்காதீர்கள். மற்ற வசதியெல்லாம் உங்கள் விருப்பம்.

5. பழைய வண்டி என்றால்

எஞ்சின் ஆறியிருக்கும்போது போய்ப் பாருங்கள். நீங்கள் போவதற்குள் ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். டேஷ்போர்டில் எஞ்சின் ஓடிய மணியைக் காட்டச் சொல்லி, மைலை அதால் வகுங்கள். 30-க்கு மேல் வந்தால் நெடுஞ்சாலையில் ஓடிய வண்டி. 15, 20 என்றால் நின்ற இடத்திலேயே மணிக்கணக்கில் உறுமிய வேலை வண்டி. தொட்டித் தரையில் கூஸ்நெக் துளை இருந்தால் கனமாக இழுத்திருக்கிறது. அது குற்றமில்லை, ஆனால் டிரான்ஸ்மிஷன் ஆயில் மாற்றிய ரசீதைக் கேளுங்கள்.

2003 முதல் 2007 வரையான ஃபோர்டு 6.0 டீசல் ஹெட் காஸ்கெட், இஜிஆர் கூலர் என்ற எஞ்சின் பாகங்களின் தொல்லைகளுக்குப் பேர்போனது. விலை மலிவாக இருப்பதற்கு அதுதான் காரணம். 2011-லிருந்து 2016 வரையான டுராமாக்ஸில் இருந்த சிபி4 என்ற உயர் அழுத்த பம்ப் உடைந்தால் உலோகத்தூள் எரிபொருள் வழி முழுக்கப் பரவும், பழுதுச் செலவு பத்தாயிரம் டாலர் அளவுக்குப் போகும். அதே வகைப் பம்புக்காக 2019, 2020 ராம் கம்மின்ஸ் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. வண்டியின் வின் எண்ணை (ஒவ்வொரு வண்டிக்கும் உள்ள தனி அடையாள எண்) அரசின் சாலைப் பாதுகாப்புத் துறை இணையதளத்தில் போட்டால் நிலுவையில் உள்ள ரீகால் எல்லாம் தெரியும், காசு கிடையாது.

‘டிலீட் பண்ணினது, மைலேஜ் நல்லா வரும்’ என்று புகைவடிகட்டியைக் கழற்றிய வண்டியை விற்பார்கள். மைலேஜ் கூடலாம். ஆனால் கழற்றுவது அமெரிக்கச் சட்டத்துக்கு விரோதமானது. புகைச் சோதனை உள்ள இடங்களில் பதிவு செய்யவும் முடியாது, டீலர் திரும்ப எடுக்கவும் தயங்குவார்.

6. காகித வேலை

டெக்சாஸில் டிரக், டிரெய்லர் இரண்டின் வரம்பு எடையும் சேர்ந்து 26,000 பவுண்டைத் தாண்டி, டிரெய்லரும் 10,000 பவுண்டுக்கு மேல் இருந்தால், சொந்த உபயோகமானாலும் கிளாஸ் ஏ உரிமம் கேட்பார்கள். கலிஃபோர்னியாவில் 10,000 பவுண்டுக்கு மேற்பட்ட டிராவல் டிரெய்லருக்கே தனி உரிமம் வேண்டும், டிரெய்லர் இழுக்கும் எல்லோருக்கும் வேக வரம்பு 55 மைல். சாப்பாட்டு டிரெய்லர் போன்ற வியாபாரம் என்றால், இரண்டும் சேர்ந்து 10,001 பவுண்டு எட்டி மாநில எல்லை தாண்டும்போது யுஎஸ்டாட் எண் (மத்தியப் போக்குவரத்துத் துறையின் பதிவு எண்) வாங்க வேண்டும். வீட்டு வாசலில் டிரெய்லரை நிறுத்த ஹெச்ஓஏ (குடியிருப்புச் சங்கம்) விடுமா என்பதையும் வாங்கும் முன்பே படித்துவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கடிதம் வந்துவிடும்.

7. வாங்கிய பிறகு மைலேஜ்

டிரெய்லர் இழுக்கும்போது எரிபொருளைத் தின்பது சமதளத்தில் எடையைவிடக் காற்றுதான். சுவர்போல நிமிர்ந்து நிற்கும் 7,000 பவுண்டு டிராவல் டிரெய்லர், தாழ்வான மேடையில் ஏற்றிய 10,000 பவுண்டு டிராக்டரைவிட அதிகம் குடிக்கும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 75 மைலிலிருந்து 65-க்கு இறங்கினால் அந்தத் தடை கால்வாசி குறையும். எந்த எஞ்சினை வாங்கினாலும் இந்த மிச்சம் கிடைக்கும், இது இலவசம். டிரெய்லர் டயர்களில் பல 65 மைலுக்குமேல் செய்யப்பட்டவையும் அல்ல.

8. எடை மேடை

முதல் பயணத்துக்குச் சாமானெல்லாம் ஏற்றி, குடும்பத்தையும் உட்காரவைத்து, நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப்பில் இருக்கும் கேட் ஸ்கேலுக்கு (CAT என்ற கம்பெனியின் எடை மேடை) போங்கள். ஃபோனிலேயே பணம் கட்டலாம், முதல் எடைக்கு இருபது டாலருக்குள் ஆகும். முன் ஆக்சில் ஒரு பலகையில், பின் ஆக்சில் அடுத்ததில், டிரெய்லர் மூன்றாவதில் நிற்க வேண்டும். வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் பார் (ஹிட்ச்சில் இறங்கும் பாரத்தை மற்ற ஆக்சில்களுக்கும் பகிரும் கம்பி) இருந்தால் தளர்த்திவிட்டு ஒருமுறை, டிரெய்லரைக் கழற்றிவிட்டு டிரக்கை மட்டும் இன்னொருமுறை எடை போடுங்கள். அன்றைக்கே இரண்டாவது தடவை எடை போட்டால் கட்டணம் குறைவு. முதல் தடவை டிரக்கின் இரண்டு ஆக்சிலும் சேர்ந்து வந்த எடையிலிருந்து இரண்டாவது தடவை வந்ததைக் கழித்தால் உங்கள் நிஜமான டங் வெயிட். டிரெய்லர் எடையில் அது 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் சாமானை முன்னுக்கு நகர்த்துங்கள். பார்களை மறுபடி இறுக்கி, பின் ஆக்சில் எடையைக் கதவு ஸ்டிக்கரில் உள்ள ஆக்சில் வரம்போடு ஒப்பிடுங்கள். தாண்டியிருந்தால் தொட்டியில் இருப்பதை இறக்க வேண்டும்.

டயர் காற்றைக் காலையில் வண்டி எடுக்கும் முன்பே பாருங்கள், ஓடிச் சூடான டயர் பொய் சொல்லும். புது டிரெய்லர் என்றால் முதல் 50 மைலில் நிறுத்தி, டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பானர்) வைத்து எல்லாச் சக்கர நட்டுகளையும் குறித்த அளவுக்கு இறுக்கிவிட்டுக் கிளம்புங்கள்.